துரைராஜின் ஜெனரேட்டர் ஓய்வெடுத்த நாள்

உமாசங்கருக்குத் துரைராஜ் அறுபதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, சாட்சியும் கிடையாது. மகள் சௌம்யாவை என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்த்த வருஷம், கேட்ட மாத்திரத்தில் மஞ்சள் பையில் வைத்துக் கொடுத்த பணம். “இருக்கறப்ப குடு துரை, என்ன அவசரம்?” என்றார் உமாசங்கர். துரைராஜும் அதை அன்றைக்கு அன்பு என்றே எடுத்துக்கொண்டார்.

உமாசங்கர் சிக்கந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர், ஒப்பந்தக்காரர். பேகம்பேட்டில், விமானம் இறங்கும்போதெல்லாம் ஜன்னல் கண்ணாடி அதிரும் ஓர் இருதய மருத்துவமனைக்கு மின்சாரம், ஏ.சி., ஜெனரேட்டர் எல்லாம் அவர் பொறுப்பு. துரைராஜ் அவருடைய ஆள். அடித்தளத்தில் யானை போல் நின்றிருந்த டீசல் ஜெனரேட்டருக்குத் துரைராஜ்தான் பாகன்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த இடத்துக்கு அவர் யார் சிபாரிசிலும் வரவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கத்து ஆள். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவர். மீசை முளைக்கும் முன்பே ரயிலேறி வந்து, ராணிகஞ்சில் ஒரு டீசல் எஞ்சின் பட்டறையில் எண்ணெய் துடைத்து, அடி வாங்கியே தெலுங்கும் உருதுவும் பழகி, ஸ்குரூடிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து உள்ளே என்ன கோளாறு என்று சொல்கிற அளவுக்கு வளர்ந்தவர். லோத்குண்டாவில் ராணுவ மைதானத்துச் சுவரை ஒட்டி இரண்டு அறை வீடு சொந்தமாகக் கட்டியிருந்தார். அந்தக் காலத்தில் அது எல்லோராலும் ஆகிற காரியமா?

“படிச்ச பய வந்து புஸ்தகத்தைப் புரட்டிக்கிட்டு நிப்பான்” என்பார் டீக்கடையில். “நான் வாசல்ல செருப்பைக் கழட்டையிலயே சொல்லிருவேன், மூணாவது சிலிண்டர் இருமுதுன்னு.”

அவர் பெருமை பேசினால் பேசட்டும் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். பேசுகிற அளவுக்குச் செய்தும் காட்டியவர். நகரத்தில் நாளுக்கொரு கண்ணாடிக் கட்டடம் எழுந்து, கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த வருஷங்கள் அவை. கரண்ட் போனால் ஒருவர் மூச்சை இழுத்து விடுவதற்குள் ஜெனரேட்டர் தானாகவே உறுமும். அதற்கென்று சுவரில் ஒரு பேனல் உண்டு. அதன் ஸ்விட்ச் ‘ஆட்டோ’வில் இருக்க வேண்டும். ‘மேனுவல்’ பக்கம் திருப்பிவிட்டால், ஆள் வந்து கையால் போட்டால்தான் எஞ்சின் ஓடும்.

அந்த வருஷம் ஆயுத பூஜையன்று துரைராஜ் அதை மேனுவலில் திருப்பினார்.

எல்லா வருஷமும் அப்படித்தான். எஞ்சினைத் துடைத்து, விசிறிக்கு அருகில் கைவிட்டுச் சந்தனம் தடவிக் குங்குமம் வைக்கும்போது கரண்ட் போய் அது திடீரென்று ஓடினால் கை போய்விடும். ஆகவே திருப்பியது தப்பில்லை. பூஜை முடிந்ததும் ஆட்டோவுக்குத் திருப்பாததுதான் தப்பு. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது, அதற்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்பது அவருடைய அப்பன் காலத்து வழக்கம். பண்டிகை நாளில் ஆபரேஷன் ஏது? அப்படியே கரண்ட் போனாலும்தான் என்ன, பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருப்பார், ஒரு தட்டு தட்டினால் ஓடப்போகிறது. மருத்துவமனையில் வேறு யாருக்கும் இது தெரியாது. கேட்கிற வழக்கமும் இல்லை, சொல்கிற வழக்கமும் இல்லை.

சாயங்காலம் வாக்கில் பொரிகடலையும் சுண்டலும் மீந்திருந்தன. அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, தட்டோடு லிஃப்டில் ஏறினார். மாடி மாடியாகப் பிரசாதம் கொடுத்துவிட்டு வருவதாக எண்ணம். முதல் மாடியில் ரத்த வங்கி ஊழியன் தியாகு ஒரு பெட்டியோடு ஏறினான். வேலூர்க்காரன்.

“என்னப்பா தியாகு, நல்ல நாளும் அதுவுமாப் பொட்டியும் கையுமா அலையிற?” என்று ஒரு கை பொரியை அள்ளிக் கொடுத்தார்.

“ரத்தம்ணே, தியேட்டருக்கு. உப்பல்லேருந்து ஒரு லேத்து ஆளைக் கொண்டாந்திருக்காங்க, யாதகிரின்னு. நெஞ்சுக்குள்ள பெரிய ரத்தக்குழாய் கிழிஞ்சிருச்சாம். விஸ்வநாத் சாரே பூஜையைப் பாதியில விட்டுட்டு ஓடியாந்தாரு. நெஞ்சைத் தொறந்து மெஷின்ல போட்டாச்சு.”

துரைராஜின் கையில் தட்டு சாய்ந்தது. “கேஸ் ஓடுதா? இன்னைக்கா? எவனும் எனக்குச் சொல்லலையே!”

விளக்கு அணைந்தது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

“ஒண்ணும் பயப்படாதீங்கண்ணே” என்றான் தியாகு இருட்டில், பொரியை மென்றுகொண்டே. “உங்க ஜெனரேட்டர் இப்ப வந்துரும்.”

துரைராஜ் காதைத் தீட்டினார். வழக்கமாகக் கட்டடத்தின் எலும்பு வழியாக ஓர் அதிர்வு ஏறி வரும். வரவில்லை. வராது என்பது அந்தக் கட்டடம் முழுவதிலும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மெஷினில் போட்டாச்சு என்றால் என்ன என்பதும் அவருக்குத் தெரியும். இருதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஒரு மெஷின் செய்துகொண்டிருக்கும். மெஷின் நின்றால் மனுஷன் நின்றான். தியேட்டருக்குத் தனியாக யூ.பி.எஸ். உண்டுதான். ஆனால் அதன் பேட்டரிகள் செத்துக்கொண்டிருந்தன. மாற்ற வேண்டும் என்று அவரே உமாசங்கரிடம் பல தடவை சொல்லி, “அடுத்த மாசம் பாக்கலாம்” என்ற பதிலைப் பல தடவை வாங்கியிருந்தார்.

தட்டை எறிந்துவிட்டுக் கதவை இரண்டு கையாலும் அடித்தார். “கதவை உடைங்கடா! டேய், எவனாச்சும் உடைங்கடா!”

“அண்ணே, என்னண்ணே ஆச்சு? கரண்ட்டுதானே போச்சு?”

அவனுக்கு என்னவென்று சொல்வது? வியர்வை கண்ணில் இறங்கியது. அவருடைய சொந்த ஊர்ச் சாமிகள் ஒவ்வொன்றாக வாயில் வந்து போயின. காவலாளிகள் கடப்பாரையைக் கொண்டுவந்து கதவை நெம்பியபோது லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கியது. பெட்டியைத் தியாகுவிடமிருந்து மேலே ஏற்றிவிட்டு, கிடைத்த இடுக்கில் வயிறு உராய வழுக்கி இறங்கி, இருட்டுப் படிக்கட்டில் ஐம்பது வயதுக் காலோடு ஓடினார். அடித்தளத்தில் பூட்டுத் துவாரத்துக்குள் சாவி போக மாட்டேன் என்றது. இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு திறந்தார். ஸ்விட்சைத் திருப்பி அமுக்கியதும் எஞ்சின் உறுமியது. அவர் போட்ட சாமந்தி மாலையை விசிறி இழுத்து, இதழ் இதழாக அறை முழுக்க விசிறியடித்தது.

மேலே தியேட்டரில் யூ.பி.எஸ். எப்போதோ கைவிட்டிருந்தது. மெஷினை ஓட்டுகிற ஜுலைகா என்ற கீழக்கரைப் பெண், கைப்பிடியைச் செருகி, கிணற்றில் நீர் இறைப்பதுபோல் கையாலேயே அதைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு நர்ஸ் டார்ச் பிடித்திருந்தாள். விளக்கு வந்தபோது ஜுலைகாவின் உள்ளங்கைத் தோல் உரிந்து தொங்கியதாம்.

“ஜெனரேட்டர் பேட்டரி ஸ்டார்ட் எடுக்கலியா?” என்று காவலாளிகளின் தலைவர் கேட்டார். துரைராஜ் தலையை ஆட்டிவைத்தார். ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம்.

மறுநாள் யாதகிரி கண் திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அவர் மனைவி குந்தியிருந்தாள். பத்துகம்மா பண்டிகைக்குப் பூசிய மஞ்சள் அவள் காலில் இன்னும் இருந்தது. சீருடை போட்ட யாரைப் பார்த்தாலும் எழுந்து நிற்பாள். துரைராஜைப் பார்த்தும் எழுந்து, “எப்புடு லேஸ்தாடு அண்ணா?” என்று, எப்போது எழுந்திருப்பார் என்று கேட்டாள். அவர் திரும்பி நடந்தார். முதுகில் யாரோ தணலைக் கொட்டியதுபோல் இருந்தது.

அன்றைக்கே உமாசங்கர் ஜெனரேட்டர் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். பேனலைப் பார்த்தார், துரைராஜைப் பார்த்தார். தொழில் தெரிந்தவர், கேள்வி கேட்காமலே புரிந்துகொண்டார்.

“பூஜையா?”

“ஆமாங்க.”

“யாருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாதுங்க. சார், ஆளு செத்துட்டா போலீஸ் வருமா?”

“ஏன் இப்படி நடுங்கறே? ஸ்விட்ச் உன்னுது, செத்த பேட்டரி என்னுது. ரெண்டு பேரும் வாயை மூடினா கதை முடிஞ்சுது. அந்த மெஷின் பொண்ணு ப்ளக்கைத் தப்பான பாயின்ட்ல சொருகிடுச்சு, அதான் யூ.பி.எஸ். வேலை செய்யலைன்னு மேல பேசிக்கறாங்க. பேசட்டும்.”

“அந்தப் புள்ள மேல பழி போகுமேங்க.”

“அதுக்கு வயசு இருக்கு, வேற ஊர்ல வேலை கிடைக்கும். உனக்குக் கிடைக்குமா?” உமாசங்கர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். “அந்த அறுபதை நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா? கேக்க வெச்சுடாதே. நக்கோ, வேணாம்.”

வீட்டில் கனகவல்லி சுடச்சுடத் தோசை போட்டு வைத்தும் அவர் தொடவில்லை. எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினார். முப்பது வருஷத்தில் அவர் பயந்து அவள் பார்த்ததில்லை. அதனால் அவளுக்கு இன்னும் அதிகமாகப் பயம் வந்தது.

“ஊர்ப்பட்ட பெருமை பேசுற வாயி, இதுக்கு மட்டும் தொறக்காம இருங்க” என்றாள். “சௌம்யாவுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. காலேஜுக்கே கம்பெனிக்காரய்ங்க வந்து வேலை குடுக்கப் போறாய்ங்கன்னு அது கனாக் கண்டுக்கிட்டு இருக்கு. உங்களைப் போலீஸ் கூட்டிட்டுப் போனா என்னத்த ஆகும்?”

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சௌம்யா எட்டிப் பார்த்து, “ஏமைந்தி நான்னா, என்னாச்சு? ஒய் ஆர் யூ ஸ்வெட்டிங்?” என்றாள்.

“ஒண்ணுமில்ல தாயி. நீ படி.”

நாலாம் நாள் யாதகிரி கண்ணைத் திறந்தார். பேரைச் சொன்னார். துரைராஜ் ஓடிப்போய்க் கோயிலில் சூறைத்தேங்காய் உடைத்தார். திரும்பி வந்தபோது மீதிச் செய்தி காத்திருந்தது. லேத்து ஓட்டிய அந்த மனுஷனின் இடது கை தூக்கினால் நிற்கவில்லை, துணிபோல் விழுந்தது.

ஜுலைகாவை அவர் கேன்டீனில் பார்த்தார். இரண்டு கையிலும் கட்டு. டம்ளரை விரல் நுனிகளால் இடுக்கித் தூக்கப் பார்த்து, முடியாமல் குனிந்து உறிஞ்சினாள். அவரைப் பார்த்ததும், “உக்காருங்கண்ணே” என்றாள்.

உட்கார்ந்தார். எழுந்து போய்விடலாம் என்று கால் சொன்னது.

“ஜெனரேட்டர் ஏண்ணே அன்னைக்கு அவ்ளோ லேட்டு?”

“பேட்டரி கொஞ்சம் வீக்கும்மா.”

“எனக்குக் கேஸ் குடுக்கிறதை நிப்பாட்டிட்டாங்க. வெள்ளிக்கிழமை மீட்டிங்ல பதில் சொல்லணுமாம்.” அவள் கட்டுப்போட்ட கைகளைப் பார்த்தாள். “யூ.பி.எஸ்.க்கு உள்ள செவப்பு பாயின்ட்லதாண்ணே சொருகினேன். தினம் செய்ற வேலை. ஆனா எல்லாரும் கேட்டுக் கேட்டு, இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. கண்ணை மூடினா ஒரு தடவை செவப்பாத் தெரியுது, ஒரு தடவை வெள்ளையாத் தெரியுது. அந்த ஆளு கையை நான்தான் முடமாக்கிட்டேனோ? வாப்பாட்ட என்னத்தச் சொல்வேன்?”

அப்போதும் அவர் சொல்லவில்லை. பயம் அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை மீட்டிங் என்பது டாக்டர் ஜலஜா கொண்டுவந்த புது வழக்கம். மயக்க மருந்து டாக்டர், பி.எச்.இ.எல். குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண். இருதய, நெஞ்சு ஆபரேஷன்களில் ஏதாவது பிசகினால் சம்பந்தப்பட்ட எல்லோரையும் ஒரே மேசையைச் சுற்றி உட்காரவைத்து, எது எங்கே பிசகியது என்று பார்க்க வேண்டும் என்பார். முன்பு டாக்டர்கள் மட்டும் கூடிப் பேசிக் கலைவார்கள். இந்த முறை ரத்த வங்கி, ஸ்டோர், எலக்ட்ரிக்கல் எல்லோருக்கும் அழைப்பு. இந்த அறையில் உண்மை சொல்வதற்காக யாருடைய வேலையும் போகாது என்று நிர்வாகமே கையெழுத்துப் போட்டிருந்தது.

“அது அவங்க ஆளுங்களுக்கு” என்று உமாசங்கர் வாசலிலேயே காதில் போட்டார். “நீ என் ஆளு. ஞாபகம் வெச்சுக்கோ.”

உள்ளே ஏ.சி. குளிரில் துரைராஜின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. சுவரோரம் கடைசி நாற்காலி. பெரிய சர்ஜன் விஸ்வநாத் வந்ததுமே ஜுலைகாவிடம் ஆரம்பித்தார்.

“சிம்பிள் கேள்விம்மா. எந்த பாயின்ட்ல சொருகினே?”

“செவப்புலதான் சார்.”

“ஷ்யூரா?”

ஜுலைகா வாயைத் திறந்தாள். “தெரியல சார்” என்றாள் கடைசியில், “வெள்ளையில சொருகியிருக்கலாம்.”

செய்யாத தப்பை அந்தப் பிள்ளை ஒப்புக்கொண்டது. அதைக் கேட்ட பிறகு நாற்காலியில் எப்படி உட்கார்ந்திருப்பது? துரைராஜ் எழுந்தார். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“அந்தப் புள்ள சரியாத்தான் சொருகியிருக்கும்ங்க. ஜெனரேட்டரை மேனுவல்ல வச்சது நான். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கிறப்பத் திருப்பினேன். மறுபூஜை ஆகுற வரைக்கும் தொடக்கூடாதுன்னு அப்பிடியே விட்டுட்டேன். கரண்ட் போனப்ப நான் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்.”



“பூஜையா?” விஸ்வநாத் மேசையை அறைந்தார். “இங்க ஒருத்தன் நெஞ்சைத் திறந்து போட்டிருக்கேன். நீ ஜெனரேட்டரைத் தூங்கவெச்சியா? அறிவிருக்காய்யா உனக்கு?”

“இல்லைங்க” என்றார் துரைராஜ். தனக்கு அறிவில்லை என்று வாழ்க்கையில் முதன்முறையாக ஒப்புக்கொண்டார்.

“சார், ஒரே நிமிஷம்” என்றார் ஜலஜா. “மிஸ்டர் துரைராஜ், கேஸ் ஓடுதுன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“தியாகு சொன்னாப்ல, லிஃப்டுல. சொல்லி முடிக்கிறதுக்குள்ள கரண்ட் போச்சு.”

“தியேட்டர்லேருந்து யாரும் போன் பண்ணலையா?”

“என்னைக்குமே பண்ண மாட்டாகம்மா.”

ஜலஜா விஸ்வநாத்தைத் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சரி, ஜெனரேட்டர் வரலை. யூ.பி.எஸ். ஏன் தாங்கலை?”

உமாசங்கர் இருமினார். துரைராஜ் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் பேச்சு நின்றுவிடும் என்று தெரியும். “பேட்டரி செத்துப்போச்சும்மா. மாத்தணும்னு கோடையிலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

ஜுலைகா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். வெளியே வந்ததும் நன்றி சொல்வாள் என்று நினைத்தால், சொல்லவில்லை. “இத்தனை நாள் என்னைப் பைத்தியமா அலையவிட்டுட்டீங்களே அண்ணே” என்றாள். அதுவும் நியாயம்தான்.

நெஞ்சில் கத்தி வைக்கும் முன் தியேட்டரிலிருந்து ஜெனரேட்டர் அறைக்குப் போன் போட்டு, ‘ஆட்டோவில் இருக்கிறது’ என்ற பதிலைக் கேட்ட பிறகே தொடங்குவது என்று அன்றைக்கு முடிவாயிற்று. யூ.பி.எஸ்.ஸை மாதா மாதம் உண்மையாகவே கரண்டை நிறுத்திப் பார்ப்பது, பூஜை போட்டாலும் வாடகை ஜெனரேட்டர் ஒன்று ஓடத் தயாராக நிற்பது, இன்னும் சில. யாதகிரியின் வைத்தியச் செலவை மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. கை பாதிதான் திரும்பியது. போலீஸ் வரவில்லை. ஆனால் துரைராஜ் வெகுநாள் வரைக்கும் தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துகொள்வார்.

உமாசங்கர் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. “நாளைலேருந்து வராதே. மாசக் கடைசிக்குள்ள என் பணம் வரணும்” என்றார்.

“வாயைத் தொறந்துட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுக் கனகவல்லி அடுப்படிக்குள் போனாள். வெகு நேரம் பாத்திரச் சத்தம். பிறகு வந்து, “என் ஏலச்சீட்டு ஒண்ணு கிடக்கு. அதைத் தள்ளி எடுக்குறேன். கழிவு நெறையப் போகும். உங்க ஸ்கூட்டரையும் வித்துருங்க. பேசுன வாயிக்கு, நடந்து போனாக் காலு தேயாது” என்றாள்.

அப்படியே செய்தார்கள். உப்பலில் ஓர் ஐஸ் கம்பெனியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. ஜெனரேட்டர் ஆளை மருத்துவமனையே நேரடியாக வைத்துக்கொள்ளப் போவதாகவும் அவர் பெயரைச் சொல்லியிருப்பதாகவும் ஜலஜா போன் செய்தார். துரைராஜ் “சரிங்கம்மா” என்றார். அந்த அறைக்குள் மறுபடி நுழைய நினைத்தாலே அவருக்கு உள்ளங்கால் வியர்த்தது.

மாசக் கடைசியில் ராணிகஞ்சில் உமாசங்கரின் ஆபீஸுக்குப் போனார். உமாசங்கர் மேசைமேல் வைக்கும்படி சாடை காட்டினார்.

“எண்ண வேண்டாம், விடு. நம்பிக்கைதானே.”

“இல்லீங்க. கையை நீட்டுங்க. எண்ணித்தான் குடுப்பேன்.”

உமாசங்கர் தயங்கிவிட்டு வலது கையை நீட்டினார். துரைராஜ் ஆயிரம் ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக வைத்தார். ஒன்று என்று தொடங்காமல் லாபம் என்று தொடங்குவது அவர் ஊர்க் கடைவீதி வழக்கம்.

“லாபம். ரெண்டு. மூணு...”

பாதியில் கரண்ட் போயிற்று. மின்விசிறி தள்ளாடி நின்றது. துரைராஜின் கை நோட்டோடு அந்தரத்தில் நின்றுவிட்டது. காது வாசல் பக்கம் திரும்பியது. பின்வரிசைக் கடையில் ஒரு ஜெனரேட்டர் இருமி, இன்னொரு முறை இருமி, ஓடத் தொடங்கியது. அதன் பிறகுதான் அவர் மூச்சு விட்டார்.

“இருபத்தேழுல நிக்குது” என்றார் உமாசங்கர், எங்கோ பார்த்தபடி.

“இருபத்தெட்டு” என்று துரைராஜ் தொடர்ந்தார். அறுபதாவது நோட்டை வைத்துக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்திவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.